வென்றவள் வெளியே

பார்க் எக்ஸ்டென்ஷன்
27 ஏப்ரல் 2025

தம்பி சிவானந்தம்,

நீ சுகமாக இருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். சுகமில்லாதவன் தொலைபேசியை எடுத்து "அக்கா, ஏலாமல் கிடக்கு" என்றாவது சொல்லுவான். சுகமாக இருப்பவன்தான் மணி அடிக்க அடிக்கப் பார்த்துக்கொண்டு இருப்பான். அதனால் தபாலில் போடுகிறேன். இல்-பிசாருக்கு, உன் வீட்டுக்கே நேரே வந்திருப்பேன். வந்து உன் மருமகள் லோஜினிக்கு முன்னால் எதைக் கதைப்பது? கசினோ என்ற சொல்லே அந்த வீட்டுக்குள் நுழைந்ததில்லையே.

நடந்ததை எழுதுகிறேன். நீ தலையைக் குனிந்துகொண்டு இருந்தாய், பாதியைப் பார்த்திருக்க மாட்டாய்.

அன்று வருசப்பிறப்பு. காலையில் வீட்டுக்கு வந்து, வருசத்தின் முதல் காசை என் கையால் கைவியளமாக வாங்குவாய் என்று வெற்றிலையும் நெல்லும் வைத்துக்கொண்டு இருந்தேன். நீ வரவில்லை. கசினோ பஸ்ஸில்தான் உன்னைக் கண்டேன். பஞ்சாங்கத்தில் நல்ல நேரம் மத்தியானத்துக்குப் பிறகும் இருந்தது. இருபத்தொன்று விளையாடும் மேசையில் நாங்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும்போது அந்த நேரம் வந்தது. காசுத் தாளை மேசையில் கை மாற்ற விடமாட்டார்கள் என்பதால், காசுக்குப் பதிலாக எனக்கு முன்னால் இருந்த சில்லுகளில் ஒன்றை எடுத்து உன் கையில் வைத்தேன். நீ இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றினாய். பிறகு அதையும் உன்னிடம் இருந்த எல்லாவற்றையும் சேர்த்து மேசையில் வைத்தாய். வென்றாய். நானும் வென்றேன். நான் இரண்டு மாதமாக அங்கே வென்றுகொண்டுதான் இருந்தேன். அதில் மந்திரம் ஒன்றும் இல்லை. விழுந்த சீட்டை நினைவில் வைத்திருப்பேன். முந்நூற்று நாலு என்ற சீட்டாட்டம் விளையாடுகிற எவருக்கும் அது வரும். சீட்டுப் பெட்டியில் பெரிய சீட்டுகள் மிச்சம் என்றால் கூட வைப்பேன், இல்லையென்றால் குறைத்து வைப்பேன்.

கோட்டுப் போட்ட இரண்டு பேர் வந்து என்னை எழும்பச் சொன்னார்கள். இனி வரவேண்டாம் என்றார்கள். ஏன் என்று கேட்டேன். ஒருவன் மற்றவனுக்குச் சொன்ன சொல் என் காதில் விழுந்தது: கொம்ப்ளிஸ். கூட்டுக் கள்ளன் என்று அர்த்தம். தையல் ஃபக்டரியில் இருபது வருடம் இருந்து, ரேடியோவைக் கேட்டுக் கேட்டு நானாகப் படித்த பிரெஞ்சு அது. எனக்கு அந்தச் சொல் நன்றாகத் தெரியும். துணி திருடிய இரண்டு பெண்களைப் பிடித்தபோது முதலாளி சொன்ன சொல்.

அவர்கள் உன்னிடம் திரும்பி, இந்த மதாம் உன்னுடன் வந்தவரா என்று கேட்டார்கள். நீ "நோன்" என்றாய். இல்லை என்று.

முன்பின் தெரியாத ஆளுக்கு ஏன் சில்லுக் கொடுத்தாய் என்று பிறகு என்னைக் கேட்டார்கள். நான் என்ன சொல்வது?

கசினோவுக்கு முறைப்பாடு எழுதிப் போட்டிருக்கிறேன். உன்னிடம் கேட்பது ஒரு பக்கக் கடிதம். இவ என் கூடப்பிறந்த அக்கா, தந்தது கைவியளம், எங்கள் வழக்கம் இது என்று எழுதிக் கையெழுத்து வைத்து அனுப்பு. அவர்கள் என்னை உள்ளே விடவேண்டாம். அந்தச் சொல்லை மட்டும் திருப்பி எடுக்க வேண்டும்.

ஞானாம்பிகை

இல்-பிசார்
7 மே 2025

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. லோஜினிதான் எடுத்துவந்து தந்தாள். "ஆர் மாமா இந்தக் காலத்திலையும் கடிதம் போடுறது? ஞானாம்பிகை மாமியோ? வட்சப் போடத் தெரியாதோ அவவுக்கு?" என்று சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன். உறையை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்ததை அவள் கவனிக்கவில்லை. பேரன் சின்னவனைப் பிள்ளை பராமரிக்கும் கார்டரிக்குக் கூட்டிப்போகும் அவசரம்.

தொலைபேசி எடுக்காதது பிழைதான். ஆனால் நீங்கள் மெல்லக் கதைக்க மாட்டீர்கள் அக்கா. உங்கள் குரல் கைபேசிக்கு வெளியிலும் கேட்கும். இந்த வீட்டுச் சுவர் எல்லாம் கடதாசி மட்டை.

"நோன்" என்று நான் சொன்னதைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். பயத்தில் வாய்க்கு வந்த முதல் சொல் அது. எனக்கு அந்த நேரம் வேறு பிரெஞ்சு வரவில்லை. அவன் கண்ணைப் பார்த்தீர்கள்தானே? றஜிந்தனை அங்கே கூப்பிட்டுவிடுவார்களோ என்றுதான் நினைத்தேன். என் மகன் வேலை செய்கிற இடம் அப்படி. தகப்பன் கசினோவில் பிடிபட்டான் என்றால் அவனுக்கு எவ்வளவு வெட்கம்.

அந்தப் பக்கத்தை எழுத இரண்டு முறை இருந்தேன். வரவில்லை. பெயரைப் போட்டால் விலாசமும் போட வேண்டும். விலாசம் போட்டால் பதில் இங்கே வரும்.

இன்னொன்று, கோவிக்க வேண்டாம். கோயிலில் சந்தித்த ஒரு படித்த ஆளிடம், பெயர் சொல்லாமல், யாருக்கோ நடந்தது போல விசாரித்தேன். வெல்லுகிற ஆளை வெளியே போகச் சொல்ல அவர்களுக்கு இயலும் என்றார். "வீட்டுக்காரன் வேண்டாம் எண்டால் விருந்தாளி எழும்பத்தான் வேணும் அண்ணை" என்றார். அப்படி இருக்க, நான் எழுதி என்ன ஆகப் போகிறது?

விட்டுவிடுங்கள் அக்கா. பிள்ளையார் காப்பாற்றினார் என்று நினையுங்கள். உங்கள் கால் வீக்கம் எப்படி?

தம்பி
சிவானந்தம்

பார்க் எக்ஸ்டென்ஷன்
15 மே 2025

தம்பி,

கால் வீக்கம் காலில்தான் இருக்கிறது. அதை விடு.

"நோன்" தவிர வேறு பிரெஞ்சு வரவில்லையாம். "உய்" அதைவிடச் சின்னச் சொல்லடா.

உன் கோயில் ஆளை நான் நம்பவில்லை. நானே போய்ச் சட்டம் கேட்டேன். எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் இலவசமாக ஆலோசனை சொல்லும் இடம் ஒன்று இருக்கிறது. அங்கே மெலனி என்று ஒரு வழக்கறிஞர், திருகோணமலைப் பிள்ளை, நல்ல தமிழ். நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு முதலில் கேட்ட கேள்வி, "அன்ரி, அவ்வளவு சீட்டையும் எப்பிடி ஞாபகம் வைச்சிருக்கிறியள்?"

"உமக்குச் சட்டம் ஞாபகம் இருக்கிற மாதிரி," என்றேன். "அது குற்றமோ?"

"குற்றமில்லை. வெல்லுறதும் குற்றமில்லை, நினைவிலை வைச்சிருக்கிறதும் குற்றமில்லை. பொலிசு உங்களிலை கை வைக்கேலாது. ஆனா வாசல் அவையின்ரை."

"கடைக்காரன், மலிவு பாத்து வாங்கிறவளை வெளியிலை போ எண்டுவானோ?"

"சொல்லலாம் அன்ரி. ஒருத்தரும் சொல்லுறேல்லை, அவ்வளவுதான். உங்கட நிறத்துக்காண்டி, சமயத்துக்காண்டி வெளியிலை கலைச்சவை எண்டு காட்டினால் நான் நாளைக்கே கோட்டிலை எழும்புவன். வெண்டதுக்காண்டிக் கலைச்சவை எண்டால் சட்டத்திலை பிடிக்க இடமில்லை."

"அப்ப, வெண்டாய், அதாலை போ எண்டு எழுதித் தரட்டும். நான் சட்டம் போட்டுச் சுவரிலை மாட்டுறன்."

அந்தப் பிள்ளை சிரித்தது. பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னது, "காரணம் சொல்ல வேண்டிய கட்டாயமும் அவைக்கு இல்லை அன்ரி."

நான் எழும்பிவிட்டேன். வாசல் வரை வந்து அவள் சொன்னாள், அந்தக் கொம்ப்ளிஸ் என்ற சொல்லுக்கு வேண்டுமானால் ஒரு வழி உண்டு என்று. பக்கத்தில் இருந்த ஆள் வந்து, இது வழக்கம், சூது இல்லை என்று எழுதினால், உள்ளே விடாவிட்டாலும் பதிவில் இருந்து அந்தச் சொல்லை எடுக்கச் சொல்லி அவள் கடிதம் போடுவாள். "அந்த ஆள் ஆர், உங்களுக்குத் தெரிஞ்சவரோ?" என்று கேட்டாள்.

தெரியும் என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. நீ தெரியாது என்று சொன்னவன்தானே.

ஒரு பக்கம் தம்பி. விலாசத்துக்கு என் விலாசத்தைப் போடு. லோஜினி கண்ணில் படாது. இதற்கு மேல் நான் இறங்க மாட்டேன்.

அக்கா

இல்-பிசார்
30 மே 2025

அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு நீங்கள் என்னை மன்னிக்க வேண்டும் என்று கேட்கவில்லை. எழுதாமல் இருந்தால் நீங்கள் இன்னொரு கடிதம் போடுவீர்கள், அதற்காக எழுதுகிறேன்.

இது கைவியளம் மட்டும்தான் என்று என்னால் எழுத இயலாது. எழுதினால் பொய்.

முந்நூற்று நாலில் நானும் நீங்களும் எத்தனை வருடம் கூட்டாளிகளாக எதிரெதிரே இருந்தோம். சங்கத்து நிலக்கீழ் அறையில் எங்களை வென்ற சோடி இல்லை. கூட்டாளிக்குக் கையில் என்ன இருக்கிறது என்று சாடை காட்டுவது கள்ளவேலை என்று நீங்கள் எத்தனை பேரை மேசையால் எழுப்பியிருக்கிறீர்கள். நீங்கள் ஒரு நாளும் சாடை காட்டியதில்லை. அது சத்தியம்.

ஆனால் உங்கள் கை காட்டும் அக்கா. உங்களுக்கு நல்ல சீட்டு வந்தால் முன்னால் இருக்கிற எதையாவது என் பக்கம் தள்ளுவீர்கள். தேத்தண்ணிக் கோப்பை, பகோடாத் தட்டு, ஒரு முறை உங்கள் மூக்குக் கண்ணாடி. "இந்தா, சாப்பிடு" என்பீர்கள். உங்களுக்கே தெரியாது. நான் அதைப் பார்த்துத்தான் துரும்புச் சீட்டு எது என்று சொன்னேன். அதைப் பார்த்துத்தான் வென்றேன். எல்லாரும் சிவானந்தம் கெட்டிக்காரன் என்றார்கள். நான் கெட்டிக்காரன் இல்லை, உங்கள் கையை வாசிக்கத் தெரிந்தவன்.

வருசப்பிறப்பன்று நீங்கள் சில்லைத் தந்தபோது நான் கைவியளம் என்று நினைக்கவில்லை. வருசம் பிறந்ததே எனக்கு மறந்துபோச்சு. அக்காவின் கை தள்ளுகிறது, பெட்டியில் பெரிய சீட்டு நிற்கிறது, வை என்று நினைத்தேன். கண்ணில் ஒற்றியது வாங்கிய பழக்கத்தில். எல்லாவற்றையும் வைத்தேன். வென்றேன்.

மேசைக்கு மேலே இருந்த கமெரா என்ன பார்த்ததோ அதைத்தான் நானும் பார்த்தேன் அக்கா.

நான் எப்படி எழுதட்டும்?

சிவானந்தம்

பார்க் எக்ஸ்டென்ஷன்
5 ஜூன் 2025

சிவானந்தம்,

உன் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். பிறகு சீட்டுக் கட்டை எடுத்து, தனியே இருந்து, நானே எனக்குப் போட்டுப் பார்த்தேன். நல்ல சீட்டு வரும்போது கை எங்கே போகிறது என்று பார்க்க. பார்த்துக்கொண்டிருக்கும்போது கை எங்கும் போகாது. நான் பார்ப்பது கைக்கும் தெரியுமே.

என் கை சொன்னது என் வாய் சொன்னதாகுமா? நல்ல நேரத்தில் தம்பிக்குக் கொடுக்க வேண்டும் என்று கொடுத்தேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவும்தான். பெட்டியில் என்ன மிச்சம் என்றும் அப்போது தெரியும்தான். இரண்டும் ஒரே தலைக்குள் இருந்தால் நான் கள்ளியா?

எழுதவேண்டாம். இனி உன்னிடம் கேட்கவில்லை. மெலனியிடம், அந்த ஆள் எனக்குத் தெரியாதவர் என்று சொல்லிவிட்டேன். நீ சொன்னதையே நானும் சொன்னேன்.

ஞானாம்பிகை

பார்க் எக்ஸ்டென்ஷன்
19 ஜூன் 2025

தம்பி,

எழுத மாட்டேன் என்றுதான் இருந்தேன். இது வேறு விசயம்.

போன கிழமை லோஜினி எனக்குத் தொலைபேசி எடுத்தாள். "மாமி, மாமா அங்கை நிக்கிறாரோ? ஃபோனை வீட்டிலை விட்டிட்டு வந்திட்டார். இண்டைக்குச் செவ்வாய், உங்களிட்டைத்தானே வந்திருப்பார், ஆறு மணிக்கு முன்னம் அனுப்பிவிடுங்கோ, சின்னவனுக்குக் காய்ச்சல்."

நான், "ஓம் பிள்ளை, இப்பதான் வெளிக்கிட்டவன்" என்றேன்.

செவ்வாய் தவறாமல் நீ என்னிடம் வருகிறாயாம். நான் உனக்குப் பிட்டு அவித்துத் தருகிறேனாம். எனக்குக் கால் ஏலாது என்று நீ மருந்துக் கடைக்குப் போய் வருகிறாயாம். அவள் எனக்கு நன்றி சொன்னாள், "மாமாக்கு உங்களிட்டை வந்தால்தான் மனம் ஆறுது" என்று.

பக்கத்தில் நான் இருந்தபோது நீ வைத்தது எல்லாம் நான் வைக்க விட்டதுதான். தோற்கிறாய், குறைத்து வை என்றால் குறைத்தாய். எழும்பு என்றால் எழும்பினாய். என்னைக் கலைத்துவிட்டு உன்னை அங்கேயே வைத்துக்கொண்டார்கள். ஏனென்று இப்போது எனக்கு விளங்குகிறது. பழைய வீட்டை விற்ற காசு உன்னிடம் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். எவ்வளவு மிச்சம் என்று கேட்கப் பயமாக இருக்கிறது.

நேற்று முன்தினம் செவ்வாய். கசினோ பஸ்ஸில் ஏறிப் போனேன். பஸ்காரன் ஒன்றும் சொல்லவில்லை. வாசலில் நிற்கிற ஹெயிட்டிப் பெடியன் என்னை அடையாளம் கண்டுவிட்டான். மரியாதையான பெடியன். "மதாம், உங்களை விடக்கூடாது என்று எங்களுக்குச் சொல்லியிருக்கிறது" என்றான்.

நான் உள்ளே வரவில்லை, உள்ளே இருக்கிற ஒருவரை வெளியே அனுப்பு என்றேன்.

யார் உள்ளே இருக்கிறார் என்று சொல்ல அனுமதி இல்லையாம்.

ஒலிபெருக்கியில் பெயரைக் கூப்பிடு, நான் எழுதித் தருகிறேன் என்றேன்.

"யாருக்காவது உடம்புக்கு அவசரமா மதாம்?"

"இல்லை. அவன் தோற்கிறான்."

"அது அவசரம் இல்லை மதாம்" என்றான். கேலியாகச் சொல்லவில்லை. அவனுக்கே சங்கடமாக இருந்தது. உள்ளே போய் ஒரு கதிரை கொண்டுவந்து நிழலில் போட்டான்.

அதில் இருந்துகொண்டு கேட்டேன், என்னைத் தடுத்த மாதிரி அவனையும் தடுக்க என்ன செய்ய வேண்டும் என்று. அந்த ஆள் தானாக வந்து கேட்க வேண்டும் என்றான். உள்ளே ஒரு மேசை இருக்கிறதாம். இத்தனை மாதத்துக்கு என்னை விடாதீர்கள் என்று சொல்லிக் கையெழுத்து வைத்தால் விடமாட்டார்களாம். மனைவி கேட்டாலும் மகன் கேட்டாலும் அக்கா கேட்டாலும் செல்லாது.

வென்ற ஆளைக் கேட்காமலே கலைக்கலாம். தோற்கிற ஆள் தானே கெஞ்ச வேண்டும். இதுதான் அவர்களுடைய வாசல்.

கடைசி பஸ்ஸுக்கு முந்திய பஸ் வரை இருந்தேன். நீ வரவில்லை.

தம்பி, அந்தச் சொல்லை அவர்கள் எடுக்கவேண்டாம். முறைப்பாடு எப்படியும் போகட்டும். நீ போய் அந்த மேசையில் கையெழுத்து வை. இது ஒன்றுதான் கேட்கிறேன்.

அக்கா

இல்-பிசார்
27 ஜூன் 2025

அக்கா,

நீங்கள் வாசலில் இருந்ததை நான் அறிவேன். சிகரெட் குடிக்கப் போய் வந்த ஒரு சீனக்காரர், வெளியே சேலையோடு ஒரு அம்மா கதிரை போட்டு இருக்கிறா என்று சொன்னார். எழும்ப நினைத்தேன். அந்த நேரம் தோற்ற காசு கொஞ்சம் திரும்ப வந்துகொண்டு இருந்தது. வருகிற நேரம் எழும்ப இயலாது அக்கா. நீங்கள் இல்லாத மேசையில் நான் குருடன். குருடனுக்கு ஒரு தரம் சரியாக வந்தால் கண் திறந்துவிட்டது என்று நினைப்பான். பிறகு நான் இறங்கி வந்தபோது கதிரை மட்டும் இருந்தது.

உங்கள் கடிதம் கிடைத்ததும் போனேன். சத்தியமாகப் போனேன். கையெழுத்து வைப்பதற்கென்றே, கையில் காசு கொண்டுபோகாமல்.

மேசையில் ஒரு இளம் பெண். மிக மரியாதை. கோப்பி வேண்டுமா என்றாள். பெயர், பிறந்த திகதி எல்லாம் எடுத்தாள். எவ்வளவு காலம் என்று கேட்டாள். ஆகக் கூடிய காலம் எவ்வளவோ அவ்வளவு என்றேன். பிறகு ஒரு கேள்வி கேட்டாள். "இது உங்கள் சொந்த விருப்பமா, ஐயா? யாராவது உங்களை வற்புறுத்தினார்களா?"

எங்கள் ஆட்களிடம் நீ ஏன் வந்தாய் என்று கேட்டால் என்ன சொல்வோம்? பெரியவர்கள் சொன்னார்கள் என்றால் அதற்கு மேல் கேள்வி இல்லை. அவளும் அதைப் பெரிதாக மதிப்பாள் என்று நினைத்தேன். நிமிர்ந்து இருந்து சொன்னேன், "மா சேர்." என் அக்கா. "அவ சொல்லித்தான் வந்தனான். அவ சொன்னால் நான் தட்டமாட்டன்" என்பதை எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னேன். அந்தக் கட்டடத்துக்குள் நீங்கள் என் அக்கா என்று நான் சொன்னது அன்றுதான்.

அவள் பேனையை வைத்துவிட்டாள். அப்படியென்றால் எடுக்க இயலாது, ஐயாவின் சொந்த முடிவாக இருக்க வேண்டும், வீட்டுக்குப் போய் யோசித்துவிட்டு வாருங்கள் என்றாள். இல்லை, இல்லை, என் விருப்பமும்தான் என்றேன். அவள் தலையை ஆட்டினாள், யாரும் உங்களை அவசரப்படுத்தக்கூடாது என்றாள். ஒரு சின்னப் புத்தகம் தந்தாள். என் பக்கம் நின்று, என்னைக் காப்பாற்றுவது போலத்தான் கதைத்தாள்.

அந்த அறையிலிருந்து வெளியே போகிற வழி மேசைகளுக்கு நடுவால்தான் அக்கா. காசு கொண்டுபோகவில்லை என்று எழுதினேன். வங்கி அட்டை சட்டைப்பையில் இருந்தது.

திரும்ப அந்தப் பெண்ணிடம் போக எனக்கு முகம் இல்லை. போனாலும், உங்கள் விருப்பமா என்று கேட்டால் என்ன சொல்வேன்? என் விருப்பம் என்னவென்று உங்களுக்குத் தெரியும்.

சிவானந்தம்

பார்க் எக்ஸ்டென்ஷன்
2 ஜூலை 2025

தம்பி,

நேற்று இந்த ஊரில் எல்லாரும் வாடகை வீடு மாறுகிற நாள். படிக்கட்டு முழுக்க மெத்தையும் குளிர்ப்பெட்டியும். நடுவில் தொலைபேசி அடித்தது. செவ்வாய் என்று எனக்கு நினைவு வந்தது.

லோஜினி. "மாமி, மாமா வந்து சேர்ந்திட்டாரோ? றோட்டெல்லாம் லொறி, பஸ் பிந்தும் எண்டு சொன்னவை."

உன் கடிதம் வந்தபிறகு நான் யோசித்தது இதுதான். அந்த வாசலில் எனக்கு இடமில்லை. அந்த மேசையில் என் சொல் செல்லாது. சட்டத்தில் எனக்கு இடமில்லை. உன்னைப் பிடித்து நிறுத்த எனக்கு உடம்பில் பெலன் இல்லை. ஒவ்வொரு செவ்வாயும் நீ அங்கே போக நான் செய்யும் உதவி ஒன்று மட்டும் இருக்கிறது. அது இந்த "ஓம்".

"இல்லைப் பிள்ளை," என்றேன். "அவன் இங்கை வாறேல்லை. வருசப்பிறப்புக்குப் பிறகு ஒரு நாளும் வரேல்லை."

அவள் விளங்காமல், "பேந்து ஆர் மாமி பிட்டு..." என்று தொடங்கி நிறுத்திவிட்டாள். எங்கே போகிறார் என்று கேட்டாள். சொன்னேன். நானும் போனேன் என்றும், என்னைக் கலைத்தார்கள் என்றும், ஏன் கலைத்தார்கள் என்றும் சொன்னேன். அவள் அழவில்லை. பிறகு, "நீங்களோ மாமி கூட்டிக்கொண்டு போனது?" என்று கேட்டாள்.

அந்தப் பஸ்ஸில் என்னை முதன்முதல் ஏற்றியது நீ. ஆனால் நான் "ஓம்" என்றேன். பழகிய வாய்.

பின்னேரம் றஜிந்தன் எடுத்தான். அவன் சொன்னதை எழுத மாட்டேன். அந்த வீட்டு வாசலில் இனி நான் மிதிக்கக்கூடாது என்றான். மிதிக்கவில்லை. உன் அட்டையை வாங்கி வைத்துவிட்டதாகவும் சொன்னான். எத்தனை நாளைக்கு வைத்திருப்பானோ தெரியாது. உனக்கு வேறு வழி தெரியாமலா?

நான் செய்தது சரி. மாற்றிச் சொல்ல மாட்டேன். நீ இந்தக் கடிதத்தை வாசிப்பாயோ, உறையோடு திருப்பி அனுப்புவாயோ, அல்லது இதை முதலில் உடைப்பது லோஜினிதானோ, எனக்குத் தெரியாது. எவர் வாசித்தாலும் இதுதான் விசயம்: செவ்வாய்க்கிழமை மத்தியானம் நான் வீட்டில்தான் இருப்பேன். வேறு போக இடம் இல்லை.

ஞானாம்பிகை